பந்து ஒருவருக்கு, பயணம் வீட்டாருக்கு

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழில் புரிந்துவரும் வாசகச் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். ஐரோப்பியப் பையர்களோடு பழகியதன் பயனாகக் கோல்ஃப் விளையாட்டில் அவருக்கு நாட்டம் பிறந்திருக்கிறது. இரண்டாண்டுகளாக ஞாயிறுதோறும் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு, கோவையை அடுத்த செட்டிபாளையம் மைதானத்திற்குச் சென்று பயின்று வருகிறார். இப்போது குடும்பத்துடன் ஒரு வார காலம் வெளிநாடு சென்று, இயற்கை எழில் கொஞ்சும் மைதானம் ஒன்றில் விளையாட விரும்புகிறார். எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதே அவர் வினா. அத்துடன், வீட்டில் எழுந்த வேறு இரண்டு வினாக்களையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். "நீங்கள் புல்வெளியில் பந்தைத் துரத்துவதற்கு நாங்கள் எதற்காகக் கடல் கடந்து வரவேண்டும்?" என்பது அவர் துணைவியார் கேட்டது. "ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின்கள் மூடிக் கிடந்ததை அதற்குள் மறந்துவிட்டாயா?" என்பது அவருடைய அத்தா கேட்டது.

முதல் வினாவைக் காட்டிலும் பின்னிரண்டும் கனமானவை. ஆகவே மூன்றையும் சேர்த்தே நோக்குவோம்.

குடும்ப ஏட்டில் கோல்ஃப் விளையாட்டுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். திருப்பூர்க்காரரிடம் அக்கேள்வி செல்லாது. கல்கத்தா சென்று பின்னல் இயந்திரத்தைக் கண்டு வந்து, 1925ஆம் ஆண்டு வாக்கில் அவ்வூரின் முதல் பின்னலாடைக் கூடத்தை நிறுவியவர் குலாம் காதர் என்னும் நம் சமுதாயப் பெருமகனார் என்பது அவ்வூர் வரலாறு கூறும் செய்தி. வெள்ளைப் பனியனில் தொடங்கிய அத்தொழில், 1970களின் இறுதியில் இத்தாலியப் பையர்கள் வரத் தொடங்கியபின் காலர் வைத்த டி-சர்ட்டுக்கு ஏறியது. சிறுசிறு கண்ணறைகளாகத் தோன்றும் 'பிக்கே' பின்னல்துணியில் தைத்த அரைக்கைச் சட்டையை 1926இல் டென்னிஸ் களத்தில் அணிந்து வந்தவர் பிரெஞ்சு வீரர் ரெனே லக்கோஸ்த். 1933இல் அதனைக் கடைச்சரக்காகவும் ஆக்கினார். டென்னிஸ்காரரிடமிருந்து அதனைக் கோல்ஃப்காரர் பெற்றுக்கொண்டனர். இன்று உலகின் பெரும்பாலான கோல்ஃப் சங்கங்களில் காலர் இல்லாத சட்டை அணிந்து வருவோரை உள்ளே விடுவதில்லை. அந்தக் காலர் சட்டைகளுள் எத்தனையோ நம் டைலர்களின் கையால் உருவானவை. திருப்பூர்ச் சட்டை காணாத கோல்ஃப் மைதானம் அரிது. கோல்ஃப் மைதானத்தைக் கண்ட திருப்பூர் டைலரோ அதனினும் அரிது.

விளையாட்டின் இயல்பை வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்வது நலம். இல்லையேல் பயணத் திட்டமே புரியாது. சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் எத்தனை குறைந்த அடிகளில் வீழ்த்துகிறோம் என்பதே ஆட்டம். இவ்வாறு 18 குழிகள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில், 22 ஆக இருந்ததை 1764இல் 18 ஆகக் குறைத்தார்கள். பின்னர் உலகமே அக்கணக்கைப் பின்பற்றியது. முழு ஆட்டத்திற்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்க நேரும். மைதானமோ 120 முதல் 200 ஏக்கர் வரை பரந்து கிடப்பது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்ததாம். வீட்டுப் பெண்மணிகளின் முறையீடு அன்றே தொடங்கியிருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது!

ஐந்து மணி நேரம் என்பதைச் சகோதரர் நன்றாக மனத்தில் இருத்தவேண்டும். அவர் ஆடி முடித்து, குளித்து, உணவருந்தி எழும்போது பகல் பாதி கழிந்துவிடும். அந்தப் பொழுதெல்லாம் மனைவி மக்கள் என்ன செய்வார்கள்? விடுதி அறையில் தொலைக்காட்சி பார்ப்பதற்கு அவினாசியே போதுமே! எனவே மைதானத்தின் அழகைக் கொண்டு ஊரைத் தேர்ந்தெடுக்கலாகாது. மைதானத்திற்கு வெளியே, நடந்து செல்லும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்கவேண்டும். துணைவியாரின் வினாவில் பொதிந்திருப்பது இதுவே. அவர் பயணத்தை மறுக்கவில்லை. தமக்கு அதில் இடம் எங்கே என்றுதான் கேட்கிறார்.

அடுத்து, காலம். பின்னலாடைத் தொழிலில் இருப்போர்க்கு விரும்பிய மாதத்தில் விடுமுறை கிட்டாது. கோடைக்கால ஆர்டர்கள் ஏறும் மாதங்களில் முதலாளி ஊரில் இல்லாவிட்டால் ஷிப்மெண்ட் விமானத்தில்தான் போகும். இலாபமும் அதனோடு பறக்கும். தொழிலாளர் ஊர் சென்று கம்பெனிகள் அடைபடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆக, அக்டோபர்-நவம்பரில் ஒரு வாரம், ஜனவரி நடுவில் ஒரு வாரம். பள்ளிக் கோடை விடுமுறையைச் சேர்த்தால் ஏப்ரல், மே. நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருவதால் அதனையும் கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். வரைபடத்தை விரிப்பதற்கு முன் நாட்காட்டியை விரித்தால் பாதி நாடுகள் தாமாகவே விலகிவிடும்.

ஸ்காட்லாந்து அவ்வாறு விலகுவது. மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே விளையாட ஏற்ற காலம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆடத் திறமைச் சான்று கேட்பார்கள். இடம் கிடைப்பதும் குலுக்கலைப் பொறுத்தது. ஜூன் மாதத்தில் மஃரிபு நேரமே இரவு பத்து மணியளவில்தான் வரும். இஷாவுக்குக் காத்திருந்து ஃபஜ்ருக்கு எழுவதற்குள் குழந்தைகள் சோர்ந்துவிடும். ஆனால் அவ்வூரின் ஒரு வழக்கம் நம் உள்ளத்தைக் கவர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அது பொதுநிலம் என்பதால் ஊர்மக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் வந்து உலவிச் செல்வார்கள். உலகப் புகழ்பெற்ற புல்வெளி வாரத்தில் ஒரு நாள் ஊராருக்கே உரியது. நம் நாட்டுச் சங்கங்கள் இதனைக் கற்றுக்கொண்டால் என்ன?

துபையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கோவையிலிருந்து சார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. உறவினர் இல்லாத குடும்பமும் இல்லை. ஒருகாலத்தில் வளைகுடாவில் கோல்ஃப் என்றால் மணலில்தான். எண்ணெய் கலந்து இறுக்கிய பழுப்பு மணற்பரப்பே குழியைச் சூழ்ந்திருக்கும். பந்தை வைத்து அடிக்கச் சிறு செயற்கைப்புல் பாய்த்துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வார்கள். 1988இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்தான் மத்திய கிழக்கில் முழுவதும் புல் விரித்த முதல் போட்டி மைதானம். நாடோடி அரபியரின் கூடாரங்களைப் போல் கட்டப்பட்ட அதன் மாளிகை காண அழகானதே. தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் அங்கே கவலையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பருவமும் இதமானது. ஆயினும் சகோதரர் கேட்டது இயற்கை எழில். பாலைவனத்தின் நடுவே குழாய்நீரால் வளர்த்த புல்லை வியக்கலாம். இயற்கை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நீரைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் இன்னும் ஒரு வார்த்தை. நொய்யலாற்றங்கரையில் வாழ்வோர்க்கு நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் ஒருசேர மூடப்பட்டதையும், அதன்பின் கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியதையும் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். அத்தகையவர் ஒரு பச்சைப் புல்வெளியில் கால் வைக்கும்போது, இதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இயல்பே. கேட்கவும் வேண்டும். துபை மைதானங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது. உவர்நீரைத் தாங்கும் பாஸ்பாலம் என்னும் கடலோரப் புல்வகையும் பல இடங்களில் பயன்படுகிறது. மலைநாட்டு மைதானங்களுக்கோ மழையே பெரும்பாலும் போதும். இறையருளாய்ப் பெய்த மழையில் தானே வளர்ந்த புல்லில் ஆடுவதற்கும், ஊரார் குடிநீரோடு போட்டியிட்டு வளர்த்த புல்லில் ஆடுவதற்கும் வேறுபாடு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

துருக்கியின் பெலெக் கடற்கரை அழகிய இடம் என்பதில் ஐயமில்லை. அந்தாலியா நகருக்குக் கிழக்கே, பைன் மரக்காடுகளுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே, 1994இல் முதல் மைதானம் தொடங்கி இன்று வரிசையாகப் பல மைதானங்கள் அமைந்துள்ளன. அப்பால் டாரஸ் மலைத்தொடர். சகோதரரின் பையரும் இவ்விடத்தையே முன்மொழிந்திருக்கிறார். ஆனால் ஜனவரி அங்கே மழைக்காலம். ஏப்ரலோ அக்டோபரோதான் உகந்தது. மேலும், பெரிய விடுதிகளில் உணவோடு மதுவும் ஒரே கட்டணத்தில் அடங்கியதாக இருக்கும். முஸ்லிம் நாடு என்ற ஒரே காரணத்தால் எல்லாம் நம் வீட்டைப்போல் இருக்கும் என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். மொராக்கோவில், ரபாத் நகரை ஒட்டிய கார்க் ஓக் மரக்காட்டினுள் 1971இல் திறக்கப்பட்ட தாருஸ்ஸலாம் மைதானமும் கண்கொள்ளாக் காட்சி என்பர். ஒரு வார விடுமுறையில் இரண்டு நாட்களை விமானத்திலேயே கழிக்கச் சித்தமாயிருப்போர் செல்லலாம்.

பையரோடு சேர்ந்து செல்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வேண்டாம். வணிக உறவு வேறு, குடும்ப ஓய்வு வேறு. பையர் கட்டணம் செலுத்தினால் அடுத்த ஆர்டரில் விலை பேசும்போது நாக்குத் தடுமாறும்; நாம் செலுத்தினால் அவர்தம் கம்பெனியில் அவருக்குச் சங்கடம். நான்கு பேர் கூடி ஆடும்போது குழிக்கு இவ்வளவு என்று சிறு தொகை பந்தயம் வைப்பதும், ஆட்டம் முடிந்தபின் 'பத்தொன்பதாம் குழி' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் மதுக்கூடத்தில் அமர்வதும் அவ்வட்டாரத்தில் சாதாரண வழக்கங்கள். முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே, "பந்தயம் எனக்கு வழக்கமில்லை; ஆட்டம் முடிந்ததும் தேநீர் அருந்துவோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் எவரும் வற்புறுத்துவதில்லை. ஐந்தாம் குழியில் சொல்வதுதான் கடினம். வணிகத்திற்காக ஆட நேரும்போது இது உதவும். மனைவி மக்களோடு செல்லும் பயணத்தில் இந்தச் சங்கடத்திற்கே இடம் வைக்கவேண்டாமே.

எஞ்சி நிற்பவை மலேசியாவும் இலங்கையும். இரண்டும் தமிழ் செல்லுபடியாகும் நாடுகள். நம் முன்னோர் கப்பலேறிச் சென்ற நாடுகளும் ஆகும். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் காணாமல் திரும்பக்கூடாது. லங்காவித் தீவில், மழைக்காடு அந்தமான் கடலைத் தொடும் தத்தாய் குடாவை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறது. கோல்ஃப் மைதானமென்றால் ஆட்டக்காரரைத் தடுமாறச் செய்யும் மணற்குழிகள் கட்டாயம் இருக்கும். இங்கோ ஒன்றுகூடக் கிடையாது. பெய்யும் மழைக்கு மணல் தங்காது என்று விட்டுவிட்டார்களாம். டிசம்பர் முதல் மார்ச் வரை அத்தீவில் மழை குறைவு. பொங்கல் விடுமுறைக்குப் பொருந்தும். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே குளிர்ந்த காற்றில் ஆட ஒரு மைதானம் உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் இருப்பதால் போக்குவரத்தும் எளிது. பிள்ளைகள் சற்று வளர்ந்தவர்களாகவும், ஊர் சுற்றும் ஆவலுள்ளவர்களாகவும் இருந்தால் மலேசியாவே சிறந்தது.

ஆயினும் முதன்முறையாகச் செல்லும் இக்குடும்பத்திற்கு நாம் பரிந்துரைப்பது இலங்கையின் நுவரெலியா.

கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அவ்வூர் நமது உதகையின் உடன்பிறப்பைப் போன்றது. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அங்கே குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். 1873இல் ஆளுநர் கிரெகரி ஏரியை அமைத்தார். 1889இல் கோல்ஃப் சங்கம் பிறந்தது. மைதானம் ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. நகரின் நெஞ்சிலேயே 18 குழிகளோடு விரிந்து கிடக்கிறது. நம் குடும்பத்திற்கு இதுவே முதன்மையான வசதி. தலைவர் ஆடிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் கடைத்தெருவுக்கும், அஞ்சலகத்திற்கும், பூங்காவிற்கும், ஏரிக்கரைக்கும் செல்லலாம். ஒருவரையொருவர் தேடி அரை நாள் கார் ஓட்ட வேண்டியதில்லை. நகரில் ஜும்ஆப் பள்ளி உண்டு. மாவட்ட மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுவோர். அந்நாட்டு முஸ்லிம்களின் வீட்டு மொழியும் பெரும்பாலும் தமிழே; காய்கறியை 'மரக்கறி' என்பார்கள், தாய் தந்தையரை 'உம்மா', 'வாப்பா' என்பார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் எவருடைய துணையுமின்றிக் கடையில் பேரம் பேசக்கூடிய வெளிநாடு இதைவிட வேறெது?

மைதானம் அகலமானதன்று. இருமருங்கும் மரங்கள் நெருங்கி நிற்கும்; ஓடைகள் குறுக்கிடும். வலிமையாக அடிப்பவரைக் காட்டிலும் நிதானமாக அடிப்பவர்க்கே ஏற்றது. உயரத்தில் காற்று இலேசாக இருப்பதால் பந்து செட்டிபாளையத்தைவிடச் சற்றுத் தொலைவு கூடுதலாகப் பறக்கும். அதனைத் தம் திறமையென்று சகோதரர் எண்ணிவிட வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில் மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்பர். 1845இல் மின்னல் தாக்கி இறந்தார்; கல்லறைமேலும் மின்னல் விழுந்ததாக ஊரார் சொல்வர். இடி முழங்கும்போது உலோக மட்டையோடு திறந்தவெளியில் நிற்கலாகாது என்பது எல்லா மைதானங்களின் விதியுமாகும். நுவரெலியாவில் அதை நினைவூட்டத் தனிப் பலகை தேவையில்லை.

பசுமையான அந்தக் குன்றுகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை ஒன்றுண்டு. முதலில் அங்கே காப்பிதான் இருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்துவிட, அதற்கு இரண்டாண்டு முன்னர் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரவில் பயிரிட்டுப் பார்த்திருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காடழித்து, பாதை வெட்டி, கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே நடந்து சென்ற ஏழைக் குடும்பத்தினர். வழியிலேயே மாண்டவர் பலர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களுடைய சந்ததியர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்ப நேர்ந்தது. நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அவர்தம் குடும்பங்கள் வாழ்கின்றன. எஞ்சியோர் பின்னர் அங்கேயே குடியுரிமை பெற்றாலும், தோட்டத்து வரிசை வீடுகளான 'லயன்'களில் இன்னும் வாழ்வோர் இருக்கின்றனர். எழில் என்று நாம் நின்று நிழற்படம் எடுக்கும் ஒவ்வொரு சரிவும் ஒரு தமிழ்க் கைக்குக் கடன்பட்டது. தாம் தைத்த சட்டையை யார் அணிகிறார் என்று அறியாத தொழிலாளரைத் தினமும் காணும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இக்கதை எளிதில் விளங்கும்.

2025 நவம்பரில் வீசிய 'டித்வா' புயலில் இம்மலைநாடு பெருத்த நிலச்சரிவுகளுக்கு ஆளாயிற்று. ஆகவே கண்டி வழியாகச் செல்லும் சாலை, இரயில் பாதை ஆகியவற்றின் நிலையைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது இன்றியமையாதது. பேரிடருக்குப் பின் பயணிகள் வராமையால் சிறு விடுதிக்காரரும் வண்டியோட்டிகளும் படும் துன்பத்தை நோக்க, பாதை சீரானபின் அங்கே செல்வது அவர்களுக்கும் உதவியாகும்.

பருவத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரையே வறண்ட காலம். பொங்கல் விடுமுறை இதில் அழகாக அமைகிறது. ஏப்ரலில் புத்தாண்டையொட்டி ஊர் நிரம்பி வழியும். அறை வாடகையும் மலையேறிவிடும். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை. தீபாவளிக் காலத்தில் பிற்பகல்தோறும் இடியும் மழையுமாக இருக்கும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சென்று, முதல் இரவை அங்கே கழித்து, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளியைக் கண்டு, மறுநாள் கண்டியில் தங்கி மலையேறுவது குழந்தைகளுக்குக் களைப்பளிக்காது. விளையாட்டில் ஆர்வம் தீராதோர்க்குக் கண்டியருகே திகனயில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி 1999 முதல் இயங்கும் இன்னொரு மைதானமும் உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டு சென்று வந்தவர் சொல்வதை நம்பிப் பெட்டி கட்டவேண்டாம்.

நுவரெலியாவில் மூன்று நாள் தங்கினால், இரண்டு காலை மட்டும் ஆட்டத்திற்கு ஒதுக்கட்டும். ஃபஜ்ருக்குப் பின் தொடங்கினால் லுஹருக்கு முன் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கும் அனுமதிப்பார்கள். மூன்றாம் நாள் காலை ஹார்ட்டன் சமவெளிக்குரியது. அங்கே 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து தாழ்நிலத்தைக் காணலாம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடுவதால் இருளிலேயே புறப்படவேண்டும். அந்த ஒரு காலையைக் கோல்ஃப் மட்டைக்குக் கொடுத்துவிட்டால் வீட்டார்க்குச் செய்யும் அநீதியாகும். 1861இல் சின்கோனா மரங்களோடு தொடங்கிய ஹக்கல தாவரத் தோட்டம் பிற்பகலுக்குப் போதும்.

இனி அத்தாவின் வினா. 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் பட்ட பாட்டை அறிந்தவர் அவர். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மகன் உழைத்துச் சம்பாதித்ததில் குடும்பத்திற்கென்று ஒரு வாரம் செலவிடுவதை வீண்விரயமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவ்வூர் வழக்கம் நமக்குத் தெரியும். பெரிய கம்பெனிக்காரர் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்காரரிடம், "பையர் பணம் வரட்டும்" என்று மூன்று நான்கு மாதம் பாக்கி வைத்திருப்பார். அந்தப் பட்டறைக்காரர் கந்துவட்டி வாங்கித் தம் ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்நிலையில் முதலாளி புல்வெளியில் நிற்கும் நிழற்படம் அவருடைய கைபேசிக்கு வந்து சேர்ந்தால், அதில் அவர் காண்பது புல்லையும் மலையையுமன்று. ஆகவே தீபாவளி போனஸ் கொடுத்து, காஜா-பட்டன்காரர், பிரிண்டிங்காரர், செக்கிங் ஒப்பந்தக்காரர் பாக்கிகளைத் தீர்த்து, கணக்குப் புத்தகத்தை அத்தாவிடம் காட்டிவிட்டு விமானச் சீட்டு எடுக்கட்டும். அவரையும் உடன் வருமாறு அழைத்துப் பார்க்கலாம். மலைநாட்டுக் காற்றும் மாலைத் தேநீரும் முதியோர்க்கு ஒத்துக்கொள்ளும். இரவுக் குளிர் மட்டும் மூட்டுவலிக்காரரைச் சோதிக்கும்.

செலவைக் கருதி ஆண்டொன்று பொறுக்கலாம் என்று முடிவானால் உதகையும் கொடைக்கானலும் எங்கும் ஓடிவிடவில்லை. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் சங்கத்தின் புல்வெளியில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும்வரை ஆட்டக்காரர் காத்திருப்பார். மலைச்சரிவில் ஆடிப் பழகாதவர் வெளிநாடு செல்லுமுன் இங்கே இரண்டு நாள் ஆடிப் பார்ப்பது நல்லது. விருந்தினராக ஆட முன்னரே எழுதிக் கேட்கவேண்டும்.

மட்டைப் பையை விமானத்தில் எடுத்துச் செல்வது பற்றியும் கேட்டிருக்கிறார். முதற் பயணத்திற்குத் தேவையில்லை; காலணியை மட்டும் கொண்டுசென்று, மட்டைகளை வாடகைக்குப் பெறலாம். பந்தைத் தேடித் தரவும் பையைச் சுமக்கவும் வரும் கேடிக்குக் கூலியோடு அன்பளிப்பும் கொடுப்பது அங்கத்திய முறை. எவ்வளவு என்பதை ஆட்டத்திற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் பிணக்கு வராது. ஜனவரி இரவுகளில் சில நாள் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டையும், காதை மூடும் தொப்பியும் கட்டாயம் எடுத்துவைக்கவும். பனியன் ஊர்க்காரர்கள் பெட்டியில் அவற்றை வைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள்.